எடைமேடைக்கு ஒரு சி புரோகிராம்: கீபோர்டையும் நெட்வொர்க்கையும் ஒரே லூப்பில் கவனிப்பது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். பண்ருட்டி சாலையில் சொந்தக்காரர் நடத்தும் எடைமேடைக்காக சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். எடை இண்டிகேட்டரில் சீரியல் கேபிள், அதிலிருந்து ஒரு ஈதர்நெட் கன்வர்ட்டர் பெட்டி, அங்கிருந்து டிசிபி வழியாக எடை வந்துகொண்டே இருக்கும். அதே நேரத்தில் கணினி முன்னால் இருப்பவர் வண்டி எண்ணையும் சரக்கின் பெயரையும் தட்ட வேண்டும். உபுண்டு லினக்ஸ் லேப்டாப்பில், பல இடங்களில் எங்கே டேட்டா வருகிறது என்று ஒரே நேரத்தில் கவனிக்கும் செலக்ட் ஃபங்ஷனை வைத்து எழுதியது நன்றாக ஓடுகிறது. எடைமேடையில் இருப்பது விண்டோஸ். அங்கே கம்பைல் ஆகிறது, ஆனால் ஓட்டிய உடனே செலக்ட் மைனஸ் ஒன்றைத் தருகிறது, எரர் எண் 10038. ஏன் இப்படி, ஒரே நிரலை இரண்டிலும் ஓட்ட முடியுமா, சரக்கின் பெயரைத் தமிழில் தட்டினால் சரியாக வருமா என்பவை கேள்விகள்.

முடியும். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இதே மாதிரி கருவிகளோடு பேசும் புரோகிராம்கள்தான் என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 10038. அந்த எண்ணுக்கு "நீ கொடுத்தது சாக்கெட்டே இல்லை" என்று பொருள். சாக்கெட் என்பது நெட்வொர்க் இணைப்பின் நம் பக்க முனை. செலக்ட் 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. யூனிக்ஸிலும் அதன் வழியில் வந்த லினக்ஸிலும் டெர்மினல், பைப் (ஒரு புரோகிராமின் அவுட்புட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்), சாக்கெட் எல்லாவற்றுக்கும் ஒரே வகை எண்தான், ஃபைல் டிஸ்கிரிப்டர். கீபோர்டு இன்புட்டின், அதாவது எஸ்டிடிஇன்-னின், எண் பூஜ்ஜியம். அதனால் கீபோர்டின் பூஜ்ஜியத்தையும் சாக்கெட்டின் எண்ணையும் ஒரே கூடையில் போட்டு, "எதில் டேட்டா வந்தாலும் எழுப்பு" என்று அங்கே சொல்லிவிடலாம். விண்டோஸில் சாக்கெட் பின்னால் வந்து சேர்ந்த விஷயம். அங்கே சாக்கெட்டுகளைக் கையாளும் பகுதியான வின்சாக்கின் 1.1 வரையறை வந்தது 1993-இல். பெயர்களையெல்லாம் பிஎஸ்டியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அங்கே செலக்டுக்குத் தெரிந்தது சாக்கெட் மட்டும். கன்சோலும் பைப்பும் வேறு குடும்பம். உங்கள் நிரல் எஸ்டிடிஇன்-னின் பூஜ்ஜியத்தை உள்ளே போடுகிறது, வின்சாக் அதைத் திருப்பி அனுப்புகிறது. யூனிக்ஸில் செலக்டின் வேலையையே செய்யும் போல் ஃபங்ஷனுக்கு விண்டோஸில் இருக்கும் இணை டபிள்யூஎஸ்ஏபோல். அதற்கும் சாக்கெட் மட்டும்தான். போதாக்குறைக்கு, கனெக்ட் தோற்றுப்போனால் அதைச் சொல்லாமலே இருக்கும் பழக்கம் அதற்கு இருந்தது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில்தான் அது சரியானது. எடைமேடைக் கணினியில் என்ன விண்டோஸ் இருக்கும் என்று சொல்ல முடியாதே, அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் இரண்டு. இரண்டிலும் எங்கே மாட்டிக்கொள்வோம் என்று பார்த்துவிடலாம்.

ஒன்று, செலக்டுக்கு 50 மில்லிசெகண்ட் டைம்அவுட் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் கேபிஹிட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஏதாவது விசை அழுத்தப்பட்டதா என்று பார்ப்பது. சின்ன விளையாட்டு எழுதினால் போதும். இங்கே போதாது. விசைகளை ஒவ்வொன்றாக கெட்ச் மூலம் எடுக்க வேண்டும் என்பதால் பேக்ஸ்பேஸ், திரையில் எழுத்தைக் காட்டுவது எல்லாம் நம் தலையில் விழும். கேபிஹிட் கன்சோலை மட்டும் பார்க்கும், இன்புட்டை ஒரு ஃபைலிலிருந்தோ பைப்பிலிருந்தோ கொடுத்துச் சோதிக்க வழியில்லை. இன்னொரு பொறியும் உண்டு. இண்டிகேட்டர் இணைப்பு அறுந்து, கவனிக்க ஒரு சாக்கெட்டும் இல்லை என்ற நிலை வரும்போது, யூனிக்ஸ் செலக்ட் காலி கூடையோடு அமைதியாக 50 மில்லிசெகண்ட் தூங்கும். வின்சாக் செலக்ட் தூங்காது, உடனே 10022 என்ற எரரோடு திரும்பிவிடும். லூப் வெறிபிடித்தது போலச் சுற்ற ஆரம்பிக்கும்.

இரண்டாவது வழி, விண்டோஸின் வெயிட்ஃபார்மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ். சாக்கெட்டை டபிள்யூஎஸ்ஏஈவென்ட்செலக்ட் மூலம் ஒரு ஈவென்ட்டோடு கட்டி, அந்த ஈவென்ட்டையும் கன்சோலின் இன்புட் ஹேண்டிலையும் சேர்த்துக் காத்திருக்கலாம். பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் கன்சோல் ஹேண்டில் எதற்கெல்லாம் எழுப்பும் தெரியுமா? விசையை அழுத்தினாலும் எழுப்பும், விட்டாலும் எழுப்பும். மவுஸ் நகர்ந்தாலும், விண்டோ அளவு மாறினாலும், வேறு விண்டோவுக்குப் போய்த் திரும்பினாலும் எழுப்பக்கூடும். புரோகிராமின் பெயரைத் தட்டி எண்டர் அழுத்தினீர்களே, அந்த எண்டரிலிருந்து விரலை எடுத்த நிகழ்வே வரிசையில் காத்திருந்து, முதல் வேலையாக லூப்பை எழுப்பிவிடும். "டேட்டா வந்துவிட்டது" என்று நம்பி ரீட்ஃபைல் கூப்பிட்டால், அது ஒரு முழு வரி வரும்வரை, அதாவது அடுத்த எண்டர் வரை, அங்கேயே நின்றுவிடும். அதுவரை எடை திரையில் உறைந்திருக்கும். மேடையில் லாரி ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் பழைய எடை நிற்பது சின்ன விஷயமில்லை.

இதைச் சரிசெய்ய ரீட்கன்சோல்இன்புட் மூலம் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக வடிகட்டலாம். செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் வரியைத் திருத்தும் வேலை மறுபடி நம்முடையதாகிவிடும். கிட் பாஷ் போன்ற விண்டோக்களில் எஸ்டிடிஇன் பல நேரம் கன்சோலே கிடையாது, பைப். அதற்கு வேறு வழி எழுத வேண்டும்.

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். விண்டோஸில் கீபோர்டையே ஒரு சாக்கெட்டாக மாற்றிவிடுவேன்.

ஒரு சின்ன த்ரெட், அதாவது அதே புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு கிளை. அதற்கு ஒரே வேலை: கீபோர்டிலிருந்து படிப்பது, நின்று நிதானமாக, எண்டர் வரும்வரை காத்திருந்து. வந்த வரியை அப்படியே ஒரு உள்சாக்கெட்டில் எழுதிவிடும். அந்தச் சாக்கெட்டின் மறுமுனை மெயின் லூப்பின் கையில் இருக்கும். இப்போது மெயின் லூப்புக்கு இருப்பது இரண்டு சாக்கெட், ஒன்று இண்டிகேட்டருடையது, மற்றொன்று கீபோர்டுடையது. வின்சாக் செலக்ட் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்ளும். வரியைத் திருத்துவது, பேக்ஸ்பேஸ், எழுத்தைக் காட்டுவது எல்லாவற்றையும் கன்சோலே பார்த்துக்கொள்ளும். த்ரெட் என்றவுடன் லாக், மியூட்டெக்ஸ் என்று பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்வது அந்தச் சாக்கெட் ஒன்றைத்தான், வேறு எந்த மாறியையும் தொட வேண்டியதில்லை.

யூனிக்ஸில் இப்படி ஒரு ஜோடி செய்ய சாக்கெட்பேர் என்ற ஃபங்ஷன் உண்டு, வின்சாக்கில் கிடையாது. நாமே செய்துகொள்ளலாம். 127.0.0.1 முகவரியில், போர்ட் எண் பூஜ்ஜியம் கொடுத்து ஒரு சாக்கெட்டை பைண்ட் செய்து லிசன் வையுங்கள். காலியாக இருக்கும் ஒரு போர்ட்டை விண்டோஸே கொடுக்கும். கெட்சாக்நேம் மூலம் அது எது என்று கேட்டு, இன்னொரு சாக்கெட்டிலிருந்து அதற்குக் கனெக்ட் செய்து, இந்தப் பக்கம் அக்செப்ட் செய்தால் ஜோடி தயார். லிசன் செய்த சாக்கெட்டை உடனே மூடிவிடுங்கள். இதில் இரண்டு கவனம். முகவரி கட்டாயம் 127.0.0.1 ஆக இருக்க வேண்டும். எல்லா முகவரிகளிலும் பைண்ட் செய்தால் நெட்வொர்க்கில் இருக்கும் வேறு யாரும் உள்ளே வரலாம். அப்புறம், அக்செப்டில் வந்தவரின் போர்ட் எண்ணும் நாம் கனெக்ட் செய்த சாக்கெட்டின் போர்ட் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். அந்த ஒரு நொடி இடைவெளியில் அதே கணினியில் ஓடும் வேறு புரோகிராம் நுழைந்து, அதன் பேச்சை நாம் கீபோர்டின் பேச்சென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பணம் புழங்கும் இடத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

லினக்ஸில் இந்த த்ரெட் தேவையில்லை, பூஜ்ஜியத்தையே நேராக செலக்டில் போடலாம். எனவே இரண்டே ஃபங்ஷன்களை ஒரு தனி ஃபைலில் வைத்துவிடுங்கள். ஒன்று கீபோர்டைத் திறப்பது: லினக்ஸில் பூஜ்ஜியத்தைத் திருப்பித் தரும், விண்டோஸில் த்ரெட்டைக் கிளப்பிவிட்டு சாக்கெட்டைத் தரும். மற்றொன்று கீபோர்டிலிருந்து படிப்பது: அங்கே ரீட், இங்கே ரெசிவ். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று நிரலைப் பிரிக்கும் இஃப்டெஃப் எல்லாம் அந்த ஃபைலுக்குள் மட்டும் இருக்கட்டும். எடைமேடை கணக்கு இருக்கும் ஃபைலில் விண்டோஸ் என்ற பேச்சே வரக் கூடாது. யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட உதவும் சிக்வின் போட்டால் செலக்ட் கன்சோலோடும் வேலை செய்யுமே என்று சிலர் கேட்பார்கள். செய்யும். ஆனால் அதன் டிஎல்எல்லையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு சின்ன எடைமேடை புரோகிராமுக்கு அது அதிகம்.

உங்கள் லினக்ஸ் நிரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், செலக்ட் சொன்னதும் எஃப்கெட்ஸ் கூப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையால் தட்டும்வரை ஓடும். மூன்று வரிகளை ஒரே அடியாக, மூடாமல் திறந்தே இருக்கும் ஒரு பைப் வழியாகக் கொடுத்துப் பாருங்கள், நின்றுவிடும். ஏனென்றால் எஃப்கெட்ஸ் கேட்பது ஒரு வரி என்றாலும், அதன் பின்னால் இருக்கும் எஸ்டிடிஐஓ (சி-யின் இன்புட்-அவுட்புட் லைப்ரரி) பஃபர், கெர்னலிடம் இருப்பதைக் கிடைத்தவரை அள்ளி உள்ளே வைத்துக்கொள்ளும். டெர்மினல் வரிவரியாகத் தருவதால் அங்கே வெளியே தெரியாமல் போகலாம். அப்படிப்பட்ட பைப்பில் அப்பட்டமாகத் தெரியும். முதல் வரி உங்கள் கைக்கு வரும், மீதி இரண்டும் பஃபரில் கிடக்கும், கெர்னலில் ஒன்றும் இல்லாததால் செலக்ட் எழுப்பாது. செலக்ட் இருக்கும் இடத்தில் எஸ்டிடிஐஓ வேண்டாம். ரீட் போட்டு, வந்ததை உங்கள் சொந்த பஃபரில் சேர்த்து, நியூலைன் கிடைக்கும்போதெல்லாம் ஒரு வரியாக வெட்டி எடுங்கள். விண்டோஸ் த்ரெட்டிலும் இதே விதிதான்.

இதே சொந்த பஃபர் எடை வரும் பக்கத்துக்கு இன்னும் முக்கியம். அங்கே தவறினால் கணக்கே தவறும். சீரியல் பக்கம் 9600 பாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து 10 பிட். அப்படியென்றால் விநாடிக்கு 960 பைட், ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். எடை 18460 கிலோ என்ற செய்தி ஒரே அடியாக மொத்தமாகக் குதிப்பதில்லை, எழுத்தெழுத்தாகச் சொட்டுகிறது. கன்வர்ட்டர் பெட்டி எந்த இடத்தில் பாக்கெட்டை மூடி அனுப்பும் என்பது அதன் டைமரைப் பொறுத்தது. முதல் ரெசிவில் 184 வந்து, அடுத்ததில் 60 வரலாம். வந்ததையெல்லாம் அப்படியே, எழுத்தை எண்ணாக்கும் ஏடோஐ-யில் போட்டால் லோடு லாரிக்கு 184 கிலோ என்று பதிவாகும். டிசிபிக்கு உங்கள் செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது, அது பைட்களை வரிசை மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். இண்டிகேட்டர் மேனுவலைப் பாருங்கள். பெரும்பாலும் செய்தியின் தொடக்கத்தில் எஸ்டிஎக்ஸ், அதாவது எண் 2, முடிவில் எண் 3 அல்லது 13 இருக்கும். தொடக்கமும் முடிவும் இரண்டும் கைக்கு வந்து, நடுவில் சரியான எண்ணிக்கையில் இலக்கங்கள் இருந்தால் மட்டும் அதை எடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாததைத் தூக்கிப் போடலாம், அடுத்த செய்தி வந்துகொண்டுதானே இருக்கிறது.

அடுத்தது, எடை வராமல் போவது. ரெசிவ் பூஜ்ஜியம் தந்தால் மறுமுனை ஒழுங்காக மூடிவிட்டது என்று பொருள். அது எளிது. அந்தச் சாக்கெட்டை செலக்டிலிருந்து எடுத்துவிட மறக்காமல் இருந்தால் போதும், மறந்தால் செலக்ட் விடாமல் "தயார், தயார்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், சிபியு நூறு சதவீதம் ஓடும். கீபோர்டுக்கும் இப்படியே. உண்மையான சிக்கல், கன்வர்ட்டர் பெட்டிக்கு கரண்ட் போவதும் கேபிள் முனை விட்டுப்போவதும். நம் ஊர்க் கடற்காற்றில் ஈதர்நெட் முனைகள் அரித்துப்போவது புதிதில்லை. அப்போது யாரும் விடைபெற்றுப் போவதில்லை. நாம் படிக்க மட்டுமே செய்துகொண்டிருந்தால், டிசிபி அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று டிசிபியே அவ்வப்போது விசாரிக்கும் கீப்அலைவ் போட்டால் போதும் என்பார்கள். லினக்ஸிலும் விண்டோஸிலும் அது முதல் விசாரணையை அனுப்பவே இயல்பாக இரண்டு மணி நேரம் எடுக்கும்.

உங்கள் இண்டிகேட்டர் தொடர்ந்து எடை அனுப்பும் வகை என்பதால் தீர்வு எளிது. கடைசியாக முழுச் செய்தி வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். மூன்று விநாடி ஒன்றும் வரவில்லை என்றால் திரையிலிருக்கும் எடையை அழித்துவிட்டு "இணைப்பு இல்லை" என்று காட்டி, சாக்கெட்டை மூடி, மறுபடி கனெக்ட் செய்யுங்கள். பழைய எண்ணைத் திரையில் விட்டுவைக்கவே கூடாது. இதற்காக செலக்டுக்கு அரை விநாடி டைம்அவுட் கொடுங்கள். அந்த டைம்அவுட் மாறியை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நிரப்ப வேண்டும், லினக்ஸ் மீதமிருக்கும் நேரத்தை அதிலேயே எழுதிவிடும், விண்டோஸ் தொடாது. நேரம் அளக்க, யாராவது திருத்தினால் நகராத கடிகாரமாக எடுங்கள்: லினக்ஸில் கிளாக்கெட்டைம்-இன் மோனோடோனிக் கடிகாரம், விண்டோஸில் கெட்டிக்கவுண்ட்64. பழைய 32 பிட் கெட்டிக்கவுண்ட் 49.7 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும், எடைமேடைக் கணினியை யாரும் அணைப்பதில்லை.

மறுபடி கனெக்ட் செய்யும்போது கீபோர்டு தடைபடாமல் இருக்க, முடியும்வரை காத்து நிற்காத நான்பிளாக்கிங் கனெக்ட் போடுவீர்கள். அங்கே ஒரு வித்தியாசம். "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்பதை லினக்ஸ் ஈஇன்புரோகிரஸ் என்று சொல்லும், விண்டோஸ் டபிள்யூஎஸ்ஏஈவுட்பிளாக் என்று சொல்லும். தோற்றுப்போனால் லினக்ஸில் சாக்கெட் எழுதத் தயார் என்று வந்து, எஸ்ஓ_எரர் கேட்டால் காரணம் தெரியும். செலக்டுக்குப் படிக்க ஒன்று, எழுத ஒன்று, எக்செப்ட் ஒன்று என்று மூன்று கூடைகள். விண்டோஸ் அந்தத் தோல்வியை மூன்றாவதான எக்செப்ட் கூடையில் போடும். அந்தக் கூடையைக் கொடுக்காவிட்டால் தோல்வி உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மற்ற சில்லறை வித்தியாசங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் தொடக்கத்தில் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்டப் கூப்பிட வேண்டும். மூடுவதற்கு குளோஸ்சாக்கெட். எரரை எர்னோவில் தேடாதீர்கள், டபிள்யூஎஸ்ஏகெட்லாஸ்ட்எரர். சாக்கெட் வகை அங்கே குறியில்லா எண், "பூஜ்ஜியத்தைவிடக் குறைவா" என்று சோதித்தால் ஒருபோதும் உண்மை வராது. லினக்ஸ் பக்கம், மூடிப்போன சாக்கெட்டில் எழுதினால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து புரோகிராமையே கொன்றுவிடும். சென்டில் எம்எஸ்ஜி_நோசிக்னல் கொடுங்கள்.

இனி தமிழ். முந்திரி என்று தட்டினால் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள், யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 24 பைட். பெயருக்கு 20 பைட் ஒதுக்கி வெட்டினால் "ரி"யின் ரகரத்துக்கு நடுவில் கத்தி விழும். பஃபர் அளவை பைட் கணக்கில் தாராளமாக வையுங்கள், வெட்டியே ஆக வேண்டுமென்றால் குறியின் எல்லையில் வெட்டுங்கள். லினக்ஸ் டெர்மினலில் யூடிஎஃப்-8 ஆகவே வரும். விண்டோஸில் ரீட்ஃபைலை நம்பாதீர்கள், கோட் பேஜை 65001, அதாவது யூடிஎஃப்-8, ஆக்கினாலும் பழைய பதிப்புகளில் தமிழ் பைட்களுக்குப் பதில் வெறும் பூஜ்ஜியங்கள் வரும். கீபோர்டு த்ரெட்டில் ரீட்கன்சோல்டபிள்யூ வைத்து யூடிஎஃப்-16 ஆகப் படித்து, வைட்கேர்டுமல்டிபைட் மூலம் யூடிஎஃப்-8 ஆக்கிச் சாக்கெட்டில் எழுதுங்கள். மெயின் லூப்புக்கு லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஒரே பைட்கள்தான் போய்ச்சேரும். கெட்கன்சோல்மோட் வெற்றி பெற்றால் மட்டும் இந்த வழி, தோற்றால் அது பைப் அல்லது ஃபைல், அப்போது ரீட்ஃபைல். ரீட்கன்சோல்டபிள்யூ கன்ட்ரோல்-இசட்டை முடிவாக எடுத்துக்கொள்ளாது, வரியின் முதல் எழுத்து எண் 26 என்றால் நீங்களே முடித்துக்கொள்ள வேண்டும்.

பைட்கள் சரியாக வந்தாலும், விண்டோஸின் பழைய கன்சோல் தமிழைச் சேர்த்துக் காட்டாது. கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும், ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டம்தான். வேலை செய்பவருக்கு அது எரிச்சல். அந்த இடத்தில் வருவது முந்திரி, பலா, நெல், மணல் போல ஒரு சின்னப் பட்டியல்தானே? எண்ணைத் தட்டினால் பெயரை ஃபைலிலிருந்து எடுத்து ரசீதில் தமிழில் அச்சிடும்படி செய்யுங்கள். டிஎன் 31, பிஒய் 01 என்று வண்டி எண் எப்படியும் ஆங்கில எழுத்தில்தான் தட்டப்படும்.

இந்தக் காத்திருக்கும் வேலையை எல்லா ஓஎஸ்ஸிலும் தானே பார்த்துக்கொள்ளும் லிப்யுவி, லிப்ஈவென்ட் மாதிரி லைப்ரரி போடலாமே என்றால், பத்து எடைமேடைகளை ஒரே சர்வரில் இணைக்கும் நாள் வந்தால் லிப்யுவி போடுங்கள். ஒரு சாக்கெட்டும் ஒரு கீபோர்டும் இருக்கும் இடத்தில் மேலே சொன்ன ஒரு தனி ஃபைலே போதும். அதை எழுதி முடித்தால் இந்தச் சிக்கல் உங்களுக்கு முழுதாகப் பிடிபட்டிருக்கும், எடைமேடையில் நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்றும் தெரியும்.

நேரில் கொண்டுபோவதற்கு முன் லேப்டாப்பிலேயே நான்கு சோதனை செய்யுங்கள். இண்டிகேட்டருக்குப் பதிலாக, ஒவ்வொரு பைட்டையும் 100 மில்லிசெகண்ட் இடைவெளியில் அனுப்பும் ஒரு குட்டி சர்வர் எழுதி, எடை ஒருமுறையாவது தவறாக விழுகிறதா என்று பாருங்கள். வண்டி எண்ணைப் பாதி தட்டிவிட்டு கையை எடுங்கள், எடை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இன்புட்டை ஒரு ஃபைலிலிருந்து கொடுங்கள், அது முடிந்த பிறகும் சிபியு ஏறக் கூடாது. கடைசியாக அந்த குட்டி சர்வரை வேறு கணினியில் ஓட்டி, நடுவில் கேபிளைப் பிடுங்குங்கள். மூன்று விநாடியில் எடை மறைந்து, கேபிளைத் திரும்பச் செருகியதும் யாரும் எதையும் தொடாமல் மறுபடி வந்தால், விண்டோஸ் பதிப்பைக் கம்பைல் செய்து, டபிள்யூஎஸ்2_32 லைப்ரரியை லிங்க் செய்து, அங்கேயும் இதே நான்கையும் ஓட்டிவிட்டு பண்ருட்டி சாலைக்கு எடுத்துப் போகலாம்.